இடமே இல்லாத பானெட்டுக்குள் ஆல்டர்னேட்டர் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் சின்னக் கார் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் பிடிக்கவும் தெரிந்து, எஞ்சின் பெல்ட்டால் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் கார்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், இடநெருக்கடி அங்கேதான். நட்டு கழற்றுவதில் பெரிய கஷ்டம் கிடையாது. கழற்றிய சாமானை எந்த வழியாக வெளியே எடுக்கப் போகிறோம் என்பதை முதல் நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்பே முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பேட்டரி விளக்கு எரிகிறது. ஆல்டர்னேட்டர் போயிடுச்சுன்னு அர்த்தமா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சிவப்பு விளக்கு சொல்வதெல்லாம் சார்ஜ் ஆவதில் ஏதோ கோளாறு என்பது மட்டும்தான். ஆல்டர்னேட்டரும் காரணமாக இருக்கலாம், பெல்ட்டும் இருக்கலாம், எலி கடித்த ஒயரும் இருக்கலாம்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் தொட்டால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.4 என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, 12க்குக் கீழே என்றால் காலி. அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து அதே இடத்தில் பாருங்கள், 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பார்த்தாலும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 15ஐத் தாண்டினால் அது வேறு வியாதி: வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, இப்படியே ஓட்டினால் பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும்.

ஒரு விஷயம். புதிய கார்கள் சிலவற்றில் எவ்வளவு சார்ஜ் கொடுப்பது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 அளவில் கூட நிறுத்தி வைக்கும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது என்று கழற்ற ஆரம்பிக்காதீர்கள். லைட், புளோயர் எல்லாம் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள், ஏறினால் பழுதில்லை.

எஞ்சின் ஓடும்போதும் மீட்டர் 12.1 தான் காட்டுகிறது. அப்போ கழற்றிவிடலாமா?

இன்னும் இல்லை. பெல்ட் இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, பளபளவென்று வழுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்திவிட்டு அடங்குகிற பெல்ட் நிறைய உண்டு, அது வழுக்குகிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஒயர். ஆல்டர்னேட்டரின் முதுகில் நட்டு போட்டுப் பூட்டிய தடிமனான ஒயர் ஒன்று நேராக பேட்டரி பிளஸ்ஸுக்குப் போகும், நடுவில் பெரிய ஃபியூஸ் ஒன்று இருக்கும். அந்த ஃபியூஸ் போயிருந்தால் ஆல்டர்னேட்டர் புத்தம் புதியதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் நட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள், லைட் எல்லாம் எரியும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரிலோ முனையிலோ தடை இருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் இடையிலும் இதே மாதிரி பார்க்க வேண்டும். எர்த் ஒயர் பச்சை பூத்து நிற்பதை யாரும் பார்ப்பதே இல்லை.

ஆல்டர்னேட்டரில் செருகியிருக்கும் மெல்லிய ஒயர்களின் பிளக், அந்தச் சின்ன கப்ளரையும் விடாதீர்கள். பழைய மாதிரிகளில் டாஷ்போர்டில் இருக்கும் அந்த பேட்டரி விளக்கு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போய் உயிர் வரும். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் ஆகும் முன், அந்த விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு அல்லது அதற்குப் போகும் ஒயர்தான் சந்தேகத்துக்குரியது. வயலோரம் வீடு இருந்து, மழைக்காலத்தில் வண்டி பத்து நாள் நின்றிருந்தால் எலியை முதல் குற்றவாளியாக வைத்துத் தேடலாம்.

ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார், எஞ்சின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு என்கிறார் மாமா. செய்யலாமா?

மாமா அம்பாஸடர் காலத்தில் கற்றது அது. இன்றைய வண்டியில் செய்யவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை விலக்கினால் வோல்டேஜ் திடீரென்று எகிறும், அதை உள்வாங்க பேட்டரி இல்லை, நேராக எஞ்சின் கம்ப்யூட்டரும் மீட்டர் போர்டும் வாங்கிக்கொள்ளும். சில நூறு ரூபாய் மீட்டரில் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் கம்ப்யூட்டரைப் பணயம் வைப்பானேன்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது. அதுவும் ஆல்டர்னேட்டரா?

இருக்கலாம். உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்று ஷார்ட் ஆனால் நிற்கும் வண்டியிலிருந்து கரண்ட் பின்னோக்கிக் கசியும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் தொட்டுப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு மேல்தான் சந்தேகம். இன்னொரு சோதனை: வண்டி அணைந்து எஞ்சின் நன்றாக ஆறியபின் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் எஞ்சினைவிட அது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. பின்னால் வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டமும், மலிவு ஜிபிஎஸ் கருவியும் இதே வேலையைச் செய்யும் என்பதால் அவற்றையும் ஒருமுறை பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

நடுவழியில் போய்விட்டால் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி அளவு பேட்டரி. பெட்ரோல் எஞ்சினின் பம்ப், இன்ஜெக்டர், காயில், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் அளவு இழுக்கும். 55 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இன்னொரு 9 ஆம்பியர். ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் அது தனி. பேட்டரியை அடிவரைக்கும் உறிஞ்சவும் முடியாது, வோல்டேஜ் இறங்கியதும் எஞ்சின் திணறும். அதனால் பகலில், ஏசி, பாட்டு எல்லாம் அணைத்து, நல்ல பேட்டரியாக இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு நான்குவழிச் சாலையில் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், பகலில் வந்து சேர வாய்ப்புண்டு. இரவில் எதிர்பார்க்காதீர்கள். நடுவில் அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது, டீக்கடையில் நிறுத்துவதானால் எஞ்சினை ஓடவிட்டே நிறுத்துங்கள்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு ஓடுவதற்குக் கரண்ட் தேவை மிகக் குறைவு, அவை இன்னும் நெடுநேரம் போகும்.

ஆனால் சேலம் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாயில் சிவப்பு விளக்கோடு இறங்காதீர்கள். இப்போதைய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்கு உதவி செய்வது மின்மோட்டார், பேட்டரி இறங்கியதும் அது கைவிட்டுவிடும், ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகும். எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதியிலேயே, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடமும் தீர்ந்து பிரேக்கும் கடினமாகும். முன்னும் பின்னும் லாரி, இறக்கம், வளைவு. தருமபுரிப் பக்கமே நிறுத்தி யாரையாவது கூப்பிடுவது நல்லது.

புதியது வாங்குவதா, இருப்பதைப் பழுது பார்ப்பதா, பழைய மார்க்கெட்டில் எடுப்பதா?

என் கட்சி: முதலில் கழற்றி நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், அப்புறம் வாங்குங்கள். கடைக்காரர் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்வார், பரவாயில்லை. உள்ளே தேய்கிற சாமான்கள் கொஞ்சம்தான். கார்பன் பிரஷ், இரண்டு பேரிங், ரெகுலேட்டர், டயோடு பிளேட். பிரஷ் தேய்ந்ததுதான் காரணம் என்றால் செலவு ஒரு டாங்க் பெட்ரோல் அளவுகூட வராது. பேரிங் மாற்றும்போது பழையதின் மேல் பொறித்திருக்கும் எண்ணையே வாங்கச் சொல்லுங்கள், 6303 என்றால் 6303 தான், இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதாக இருக்க வேண்டும். காயில் கருகி நாற்றமடித்தால் மட்டும் யோசிக்க வேண்டும். ரீவைண்டிங் செய்து தருவார்கள், கை சுத்தமான ஆள் கட்டினால் நன்றாக உழைக்கும், இல்லாவிட்டால் அடுத்த கோடையில் மறுபடி கழற்ற வேண்டியதுதான். இந்த இடநெருக்கடியில் மறுபடி கழற்றுவதா? காயில் போனால் நான் புதியதையே சொல்வேன்.

சில மாதிரிகளில் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாக முதுகில் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் இருக்கும். கை எட்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றாமலே, பேட்டரி ஒயரை மட்டும் எடுத்துவிட்டு, அதை மாற்றிவிடலாம். கழற்றும் முன் இந்த வழி உங்கள் வண்டியில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாதி நாள் மிச்சம்.

உள்ளூரில் கிடைக்காததை ஓசூர், சேலத்தில் தேடலாம். அதற்கும் மேலே பெங்களூரு ஜேசி ரோடு. பழைய சாமானுக்கு சென்னை புதுப்பேட்டை இருக்கிறது, ஆனால் பழைய மார்க்கெட் ஆல்டர்னேட்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. எளிதில் கழற்றக்கூடிய வண்டிக்கு அது சரி, நெருக்கடியான வண்டிக்கு வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லியில் எத்தனை வரி, போல்ட் மாட்டும் காதுகள் எந்தக் கோணத்தில், கப்ளரில் எத்தனை பின், தடித்த ஒயரின் ஸ்டட் எந்தப் பக்கம், ஆம்பியர் எவ்வளவு. 70 இருந்த இடத்தில் 90 போட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, 90 இருந்த இடத்தில் 70 போடாதீர்கள். சில வண்டிகளில், டீசலில் குறிப்பாக, புல்லி ஒரு திசையில் பூட்டிக்கொண்டு மறுதிசையில் தானாகச் சுற்றும் கிளட்ச் புல்லியாக இருக்கும். அதற்குப் பதில் சாதா புல்லி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பெல்ட் அடித்துக்கொள்ளும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சீக்கிரம் போகும்.

எந்த வண்டியில் கை வைக்கலாம், எதில் கூடாது?

சுமோ, பொலிரோ மாதிரி எஞ்சின் நீளவாட்டில் இருக்கும் வண்டிகளில் இடம் தாராளம். ஆம்னியில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில், அதற்கு வேறு மாதிரி வளைய வேண்டும். சின்ன ஹேட்ச்பேக்குகளில் முன்பக்கம், ரேடியேட்டர் பக்கம் ஆல்டர்னேட்டர் இருந்தால் தைரியமாக இறங்கலாம். எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தகடு) நடுவில் கீழே ஒளிந்திருந்தால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் வண்டிகளை வீட்டில் தொட வேண்டாம். அதில் ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும் உந்தவும் செய்கிற மோட்டார், பலவற்றில் கூடவே லித்தியம் அயன் பேட்டரி ஒன்றும் உண்டு. வாரண்டியில் இருக்கும் எந்த வண்டியையும் தொட வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

என்னென்ன டூல் வேண்டும்?

10, 12, 13, 14, 17 சாக்கெட், ராச்செட், நீளமும் குட்டையுமாக எக்ஸ்டென்ஷன், ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட், அதே அளவுகளில் ரிங் ஸ்பேனர். தலையில் மாட்டும் டார்ச் (இரண்டு கையும் உள்ளே இருக்கும், செல்போனை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்ய முடியாது). நட்டு விழுந்தால் எடுக்க காந்தக் குச்சி. ஜாக்கி, அதோடு கட்டாயம் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு.

கையே போகவில்லை. எந்த வழியாக எடுப்பது?

இதுதான் உண்மையான கேள்வி. பொதுவாக மூன்று வழி உண்டு: மேலே, கீழே, சக்கரத்தின் பக்கம். டார்ச் அடித்து மூன்றையும் பத்து நிமிடம் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பருமன் உங்கள் இரண்டு கை முஷ்டியையும் சேர்த்து வைத்தால் வருகிற அளவு என்று கொள்ளலாம், அது எந்தச் சந்து வழியாக நுழையும் என்று பார்ப்பதுதான் திட்டம்.

மேல் வழி என்றால் ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய், தேவைப்பட்டால் பேட்டரியும் அதன் தட்டும் வெளியே வரட்டும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேர வேலைதான், ஆனால் கிடைக்கும் இடம் அபாரம். நிறைய பேர் இதைக் கழற்றச் சோம்பல்பட்டு, இருக்கிற சந்திலேயே இரண்டு மணி நேரம் விரலைக் கிழித்துக்கொள்கிறார்கள். முன்பக்கம் இருக்கும் ஆல்டர்னேட்டருக்கு ரேடியேட்டர் ஃபேனைக் கூட்டோடு மேலே உருவி எடுத்தால் போதும், அப்போது ஒரு கெட்டி அட்டையை ரேடியேட்டர் மேல் சாய்த்து வையுங்கள், ஸ்பேனர் நழுவினால் மெல்லிய தகடுகள் உடனே ஓட்டையாகும்.

சக்கரத்தின் வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை எடுத்தால் பெல்ட், டென்ஷனர், ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட் எல்லாம் முகத்துக்கு நேரே தெரியும். அந்த பிளாஸ்டிக்கின் கிளிப்புகள் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும், புதியது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் வழியாகத்தான் வரும் என்றால் வண்டியைத் தூக்க வேண்டும். மண் வாசலாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள், பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள், ஸ்டாண்டு வைக்காமல் உடம்பை உள்ளே விடாதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

ஏசி கம்ப்ரஸர் குறுக்கே நிற்கும் வண்டிகளில், அதன் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, குழாய்களோடு அப்படியே ஒதுக்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். குழாய் இணைப்பைத் தொடாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது, பட்டால் தோலும் கண்ணும் போகும்.

கடைசி வழி, எஞ்சினையே கொஞ்சம் அசைப்பது. எஞ்சின் ஆயில் தேங்கும் சம்புக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கி, பெல்ட் பக்கத்து எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றினால் எஞ்சினை ஒரு அங்குலம் ஏற்றவோ இறக்கவோ முடியும், பல வண்டிகளில் அந்த ஒரு அங்குலம்தான் தடையாக இருக்கும். குழாய், ஒயர் ஏதாவது இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாக. இதில் கை நடுங்குகிறவர்கள் இங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடலாம், அவமானம் ஒன்றுமில்லை.

சரி, எந்த வரிசையில் செய்வது?

எஞ்சின் நன்றாக ஆறட்டும். எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், பெல்ட் போகும் வழியை மட்டும் தாளில் வரைந்தும் வையுங்கள். சாவியை எடுத்து சில நிமிடம் கழித்து பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றி, அது தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். இந்த ஒரு படியை மட்டும் யாருக்காகவும் விடக் கூடாது. ஆல்டர்னேட்டர் முதுகில் இருக்கும் அந்தத் தடித்த ஒயரில் எப்போதும் பேட்டரி கரண்ட் உயிரோடு இருக்கும், சாவி அணைந்திருந்தாலும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் வெல்டிங் பட்டறைதான்.

அப்புறம் வழியில் இருப்பதை விலக்குவது, பெல்ட்டைத் தளர்த்துவது, முதுகில் இருக்கும் ஒயரையும் கப்ளரையும் எடுப்பது. முதுகு தெரியவே தெரியாத வண்டிகளில் முதலில் மவுண்ட் போல்ட்டுகளை எடுத்து, ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் திருப்பி, பிறகு ஒயரைக் கழற்றுவது சுலபம். திருப்பும்போது அதன் எடை முழுக்க ஒயரில் தொங்கக் கூடாது, சணல் கயிற்றில் மேலே எதிலாவது கட்டிவிடுங்கள்.

வெளியே வராமல் முரண்டு பிடித்தால் புல்லி கீழே, புல்லி மேலே, முதுகு முன்னே என்று சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் தானாக வழுக்கிக்கொண்டு வரும். அந்தக் கோணத்தையும் படம் எடுங்கள், புதியதும் அதே கோணத்தில்தான் உள்ளே போகும்.

போல்ட் அசையவே இல்லை. அல்லது அசைகிறது, பாடியில் இடித்துக்கொண்டு வெளியே வர மறுக்கிறது.

அசையாவிட்டால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, முந்தைய இரவே ஊறவிடுவது உத்தமம். ஆறு முனை சாக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள், பன்னிரண்டு முனை தலையை உருட்டிவிடும். முதலில் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்தினால் பல போல்ட்டுகள் இளகும். காலால் மிதிக்காதீர்கள், ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட் பெரும்பாலும் அலுமினியம், உள்ளே மரை கழன்றுவிட்டால் லேத்துக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கடைகள் பூட்டியிருக்கும், வண்டி பாதி பிரிந்து வாசலில் நிற்கும்.

நீளமான போல்ட் வெளியே வர இடமில்லை என்றால் அதை வரும் வரைக்கும் இழுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரோடு சேர்த்தே வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் மவுண்ட்டைத் தளர்த்துகிற வித்தை இதற்கும் உதவும். சிலர் திரும்ப மாட்டும்போது போல்ட்டைத் தலைகீழாக, மறுபக்கத்திலிருந்து போட்டுவிடுகிறார்கள். மரை பிராக்கெட்டில் இருந்தால் அது நடக்காது, நட்டு தனியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் பெல்ட்டிலோ வேறு எதிலோ உரசாது என்று தெரிந்தபின்.

புதியது அந்த பிராக்கெட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது. தப்பான சாமான் வாங்கிவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. ஆல்டர்னேட்டரின் காதில் சின்ன இரும்புப் புஷ் ஒன்று இருக்கும், போல்ட் இறுகும்போது அது நகர்ந்து வந்து பிராக்கெட்டைக் கவ்விப் பிடிக்கும். மாட்டும் முன் அந்தப் புஷ்ஷை சுத்தியலால் லேசாகத் தட்டியோ, வைஸில் வைத்து அழுத்தியோ இரண்டு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் ஆல்டர்னேட்டர் சுகமாக உட்காரும். இது தெரியாமல்தான் பலர் கடப்பாரை வைத்து நெம்பிக் காதை உடைக்கிறார்கள்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள். எட்டாத இடத்து நட்டை சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் விழாது. முதுகில் இருக்கும் அந்த ஸ்டட் நட்டை மட்டும் அளவோடு, அடியில் இருப்பது பிளாஸ்டிக், உடையும். தளர்வாக விட்டாலோ சூடேறி உருகும்.

பெல்ட் எவ்வளவு இறுக்கம்?

தானியங்கி டென்ஷனர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் இறுக்கும் மாதிரியில், நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும், துல்லியமான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். கத்தக் கூடாது என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும், அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் போகும். ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு வரி தள்ளி மாட்டியது கண்ணுக்குத் தெரியாது. டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டும் பெல்ட் சில கார்களில் உண்டு, அதற்குத் தனி டூல் வேண்டும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெல்ட் கிழியும்.

பழைய டீசல் வண்டி. ஆல்டர்னேட்டர் முதுகில் ஆயில் குழாய் போகிறதே?

அது வேக்யூம் பம்ப். டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தானாகக் கிடைக்காது என்பதால் ஆல்டர்னேட்டரோடு ஒரே தண்டில் சுற்றும்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய், பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் என்று கூடுதலாக மூன்று இணைப்பு. செம்பு வாஷர்களைப் புதியதாகவே போடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும். வேலை முடிந்ததும் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, பெடல் வழக்கம்போல மெத்தென்று இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். அதன்பின் ஆயில் அளவையும் பாருங்கள்.

மாட்டியாயிற்று. உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

பேட்டரி முழுக்கக் காலியாகிக் கிடந்தால் முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றிவிடுங்கள். செத்த பேட்டரியை மாட்டி, புது ஆல்டர்னேட்டரை முதல் நாளிலேயே முழு மூச்சில் ஓடவிட்டால் அது சூடேறித் தவிக்கும். உள்ளே ஸ்பேனர், துணி எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்து, மைனஸ்ஸைக் கடைசியாக மாட்டி, ஸ்டார்ட் செய்து, முன்பு சொன்ன வோல்ட் சோதனைகளை எல்லாம் மறுபடி செய்யுங்கள். கடிகாரம் மாறியிருக்கும், கண்ணாடி ஏற்றி இறக்கும் ஆட்டோ வசதி மறந்திருக்கும், அது சகஜம். புது பெல்ட் போட்டிருந்தால் சில நாள் ஓட்டிவிட்டு இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

மாற்றியும் விளக்கு அணையவில்லை!

இரண்டாவது கேள்வியின் பதிலுக்குத் திரும்பப் போங்கள், ஃபியூஸும் கப்ளரும். முக்கியமாக, பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றாமல் வேலை செய்தீர்களென்றால் அந்தப் பெரிய ஃபியூஸ் போயிருக்க நல்ல வாய்ப்பு.

எங்கள் ஊரில் மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது?

உங்கள் ஊரில் மட்டும் இல்லை, ஆனால் காரணம் இருக்கிறது. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் குவாரிச் சாலைகளில் தினம் ஓடும் வண்டிக்குள் போகும் தூள் பிரஷ்ஷையும், அது தொட்டு ஓடும் ஸ்லிப் ரிங் வளையத்தையும் உரசித் தின்னும். ஆல்டர்னேட்டர் தன்னைக் குளிர்விக்கக் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் வரும், தடுக்க வழியில்லை. ஆனால் வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து பிரஷர் பம்பால் அடிக்கச் சொல்கிறீர்களே, அதைத் தடுக்கலாம். மேலிருந்து சொட்டும் எஞ்சின் ஆயிலும் கூலண்ட்டும் கூடத்தான், ஒழுகலைச் சரி செய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். அப்புறம் கூடுதல் ஃபாக் லைட், ஆயிரம் வாட் என்று எழுதிய ஆம்ப்ளிஃபயர். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்பது 14 வோல்ட்டில் மொத்தமே 980 வாட், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது.

பழையதை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். உள்ளே செம்பு இருக்கிறது, புதியதை விற்ற ஆட்டோ எலக்ட்ரிக் கடை பெரும்பாலும் ஒரு விலை கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளும். புதியது மாட்டி ஒரு வாரம் சரியாக ஓடும் வரைக்கும் மட்டும் வீட்டிலேயே வைத்திருங்கள்.